தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

அருமைப் பேரனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா சுகம், தங்கச்சி சுகம்.

ஆழக்கடலில் செத்து மக்கியதெல்லாம் எருவாகக் கிடக்கும், நீரோட்டம் அதை மேலே கிளப்பினால் தண்ணீர் பச்சையாகி மீன் கூடும் என்று ஆராய்ச்சிக் கப்பலில் இருந்து எழுதியிருந்தாயே. அதைத் தோணியடியில் நின்று எல்லாருக்கும் வாசித்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் அங்கே நான்தானே.

"வயலுக்குத்தான் எரு எண்டிருந்தம், கடலுக்குமா?" என்று மீராலெவ்வை சிரித்தார்.

உன் வாப்பா சிரிக்கவில்லை. "என்ட மகன் பார்த்துத்தான் எழுதியிருக்கான்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பச்சைத் தண்ணீர் தேடித் தனியே தோணியை எடுத்தான். பின்னேரம் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. மற்றத் தோணிகள் திரும்பிவிட்டன. நீ எழுதியதில் பிழை இல்லை.

கடற்கரைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். அவன் சோறு மூடியபடியே இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டு அவ்வா உம்மா, உன் உம்மாவைக் கைம்பெண்ணாக இத்தா இருத்தவென்று வெள்ளைச் சேலையோடு வந்தாள். "என்ட மகன் மீனுக்குப் போயிருக்கான், மௌத்தாகல்ல. அந்தச் சேலைய நீயே உடுத்து" என்று அனுப்பிவிட்டேன்.

இந்த மாதம் நம் கரைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வடக்கே என்றால் திருகோணமலைக்கு ஆள் அனுப்புவேன், தெற்கே என்றால் பாணமைக்கு. தந்தியில் ஒரு சொல் போதும்.

நடுக்கடலுக்கு என்றால் தந்தி அடிக்காதே, மகன். நீ வந்துவிடு.

உன் மூத்தம்மா