ஜாஸ்குலின் மாத்திரைக்குத் துணை

ஜனவரி 14

எங்கள் மலையூர் நரின் சந்தையில் வால்நட், தேன், பாறையில் கசியும் மலைப்பிசின், உலர்தயிர் உருண்டை ஆகியவற்றுக்கு ஏகச் சக்கரவர்த்தியான நான் இன்று தோற்றேன். செத்துப்போன என் தங்கையின் ஒரே மகள் ஜாஸ்குல், ரத்தப் பரிசோதனைச் சீட்டை என் மேசையில் போட்டாள். தைராய்டு தூங்குகிறதாம். நாலுக்குள் இருக்க வேண்டிய எண் பதினான்கு. இரண்டு கரு கலைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், எண் இறங்கும்வரை அடுத்ததை நினைக்காதே என்றாராம் டாக்டரம்மா. தினம் காலையில் ஒரு மாத்திரை. கடுகளவு!

"இந்தக் கடுகா உன்னைக் காப்பாத்தப் போவுது?"

"நீங்க வாயை மூடினாலே பாதி குணமாயிடும், மாமா."

சிரித்துக்கொண்டே தலையைக் கோதினாள். முடி கொத்தாக வந்தது. பைக்குள் ஒளித்தாள். நான் பார்க்காதது போல் தராசைத் துடைத்தேன்.

ஜனவரி 15

எங்கள் ஊரில் விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுவதில்லை. மாத்திரையை மட்டும் விடலாமா? படை திரட்டினேன்: உலர்தயிர் உருண்டை நான்கு, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நெய்யில் குழைத்த மலைப்பிசின்.

"எல்லாத்தையும் ஒண்ணா பால் டீயோட விழுங்கும்மா. துணைக்கு ஆள் இருந்தாத்தான் அதுவும் தைரியமா வேலை செய்யும்."

பிப்ரவரி 27

எண் இருபத்திரண்டு.

மார்ச் 2

தினம் இரண்டு மாத்திரை என்றார் டாக்டரம்மா. நான் படையை மும்மடங்காக்கினேன்.

மார்ச் 21

நோரூஸ், வசந்தப் புத்தாண்டு. கோதுமைக்கஞ்சி அண்டாவைக் கிண்டப் போனவள் நாலு சுற்றில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வயது. மாதவிலக்கு நின்று இரண்டு மாதம், கருவும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். மாமனிடம் சொல்கிற பேச்சா அது? அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே கேலியும் செய்தாள்: "சொந்த மருமவளுக்கே பலிக்கல, நமக்கு விக்கிறான்!"

"எங்க மாமா புளுகுவார்தான். எங்கிட்ட மட்டும் புளுக மாட்டார்" என்றாள் ஜாஸ்குல்.

என் பங்குக் கஞ்சியையும் அவள் கிண்ணத்திலேயே ஊற்றினேன்.

ஏப்ரல் 18

முப்பத்தொன்று. நானும் கூடப் போனேன்.

"மாத்திரையை எதோட சாப்பிடறே?" என்றார் டாக்டரம்மா. நான் எழுந்து நின்று, தளபதி அணிவகுப்பை விவரிப்பதுபோல் விவரித்தேன். அவர் பேனா நின்றது.

"ஐயா, பாலு, டீ, கால்சியம், இரும்பு எல்லாம் சேந்து மாத்திரையை உடம்புல ஏறவே விடாம புடிச்சிக்கும்."

"அப்போ... விஷமா?"

"நல்ல சாப்பாடுதான். நேரம்தான் தப்பு. மாத்திரை பழையபடி ஒண்ணே போதும். வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. ஒரு மணி நேரம் கழிச்சு டீ. உங்க படை நாலு மணி நேரம் கழிச்சு வரட்டும். மலைப்பிசினை நிறுத்துங்க. அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பஸ்ஸில் அவள் எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மூணு மாசம். என் கையால — நானே உருட்டி, நானே குழைச்சு. ஏன்டா, ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு நாள்?

ஏப்ரல் 20

நேற்று முழுக்கக் கடை திறக்கவில்லை. இன்று வந்தாள்.

"காலையில ஆறு மணிக்கு எழுப்பித் தண்ணி குடுக்க ஆள் வேணும், மாமா."

என்னையா? என்னையேதான்.

மே 9

தினம் ஆறு மணிக்கு ஜன்னலைத் தட்டுகிறேன். விழுங்குகிறாள். பிறகு ஒரு மணி நேரம் தடியோடு டீ கொதிக்கும் சமோவாருக்குக் காவல். அவள் புருஷன் குபாத் கெஞ்சுகிறான்: "என் தைராய்டு நல்லாத்தானே இருக்கு? எனக்காவது டீ குடுங்களேன்!"

சட்டம் எல்லோருக்கும் ஒன்று.

ஜூன் 6

ஒன்பது. நம்பப் பயமாக இருக்கிறது.

ஜூலை 24

இரண்டு புள்ளி எட்டு. "இனி குழந்தை உங்க விருப்பம்" என்றாராம் டாக்டரம்மா. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள் ஜாஸ்குல். நாற்பது பேரிடம் மட்டும் சொன்னேன்.

ஜூலை 25

ஜன்னலைத் தட்டினேன். பதில் இல்லை. படுக்கை மடித்திருந்தது, ஜன்னல் மாடத்தில் காலித் தண்ணீர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. தொழுவத்தில் வாளிக்குள் பால் பீய்ச்சும் சத்தம், நடுவே பாட்டு.

"வீட்டுக்கு வந்தவங்க ரொட்டியைத் தொடாம போகக் கூடாது மாமா! மாத்திரையை நானே போட்டுட்டேன், ஏழு மணிக்குத்தான் ரொட்டி கிடைக்கும். வாயை மூடிட்டு உக்காருங்க!"

உட்கார்ந்தேன். மூடிக்கொண்டேன்.