மேல் அலமாரிக் கைப்பிடிகள்

ஜூன் 3, செவ்வாய்
ஓய்வு பெற்று மூன்று நாள். ரோமப் பேரரசின் வரலாறு, ஆறு பாகமும், நாற்காலிக்குப் பக்கத்தில் தயார். இனி என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். அதற்கு முன் ஒரு சிறு வேலை. தச்சர் புதுச் சமையலறையின் அலமாரிக் கதவுகளுக்கும் இழுப்பறைகளுக்கும் கைப்பிடி வைக்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஆள் வைக்கலாம் என்றாள் மனைவி கோகிலவாணி. காட்டாங்குளத்தூரில் காலமெல்லாம் பொறியியல் வரைபடம் கற்பித்தவனிடம்!

ஜூன் 4
கீழ்க்கட்டளையில் அயூபின் கடையில் கைப்பிடிகள் வாங்கினேன். டிரில்லிங் மெஷின் இரவல். மாட்ட ஆள் வேண்டுமா என்றார். வேண்டாம் என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஜூன் 6
அட்டையில் ஓர் அச்சு வெட்டினேன். கதவின் மேல் மூலையில் வைத்துக் குறித்துத் துளையிட வேண்டியதுதான். மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. இழுப்பறைகளுக்கு மட்டும் நடுவில். ஒன்றுகூடக் கோணவில்லை.
கோகிலா கீழ் வரிசையைப் பார்த்துத் தலையசைத்தாள். மேல் வரிசையை அண்ணாந்து பார்த்தாள். அண்ணாந்தபடியே இருந்தாள்.
"ரொம்ப அழகா இருக்குங்க. யாருக்கு மாட்டுனீங்க?"

ஜூன் 7
மேல் அலமாரிக்குக் கைப்பிடி கீழ் மூலையில் வரவேண்டுமாம். உலகத்துக்கே தெரியுமாம். நான் ஆறடி. அவள் — கேட்டால் ஐந்தடி என்பாள்.

ஜூன் 9
ஏங்க, சீரகம். ஏங்க, பெருங்காயம். ஏங்க, அந்தச் சீரகத்தை உள்ளே வெச்சிடுங்க.
ரோம் நகரம் இன்னும் கட்டப்படவே இல்லை.

ஜூன் 12
தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஸ்டூல் வாங்கினேன். பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 13
ஸ்டூல் பால்கனியில் இருக்கிறது. அதன் மேல் கறிவேப்பிலைத் தொட்டி. ஏறினால் அவளுக்குத் தலை சுற்றுகிறதாம்.

ஜூன் 16
அயூபை வரவழைத்தேன். பழைய துளைகளை அடைத்துவிட்டுக் கைப்பிடிகளைக் கீழே இறக்கிவிடலாம் என்றார். நிம்மதி — அரை நிமிடம்.
"விடுங்கண்ணா," என்றாள் கோகிலா. "புதுக் கதவை எதுக்கு ஒட்டுப் போடணும்? கூப்பிட்டா ஓடிவர ஆள் இருக்காரு."
"ரிட்டயர் ஆன கையோட வேல கெட்ச்சிருச்சு சார்," என்றார் அயூப். மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 23
நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு மாற்றினேன். நடையாவது மிச்சம். மனசுக்குள்ளேயே படித்தால் எப்படி என்று கேட்டாள். உரக்கப் படித்தேன். தன் குதிரையைப் பதவியில் அமர்த்த நினைத்த பேரரசனின் பகுதி.
"குதிரையா? அதுவாச்சும் ஓடியாடி வேலை செய்யுமே," என்றாள்.
பேராசிரியர்கள் பலர் இந்தப் பேரரசைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜூலை 2
பால் வாங்கக் கிளம்பியவன் பர்ஸை மறந்து திரும்பினேன். கோகிலா மேல் அலமாரி முன்னால் நின்றிருந்தாள். கதவின் அடி விளிம்பில் ஒரு விரலைக் கொடுத்து இழுத்தாள். திறந்தது. குதிகாலை லேசாக உயர்த்திப் புளி டப்பாவை எடுத்தாள், கொஞ்சம் கிள்ளினாள், திரும்ப வைத்தாள், சாத்தினாள். நன்றாகப் பழகிய கை.
சத்தமில்லாமல் வெளியே போனேன். பாலைக் கடனுக்கு வாங்கி வந்து, செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
"வந்துட்டீங்களா? ஏங்க, மிளகு."
எழுந்து, கைப்பிடியைப் பிடித்துத் திறந்து, எடுத்துக் கொடுத்தேன்.