தேன்மெழுகில் உன் கட்டைவிரல்

காலையில் கருவிப் பெட்டியைத் திறந்ததும் தேன்மெழுகு வாசம் வந்தது. உள்ளே நெல்லிக்காய் அளவு உருண்டை. அதன் மேல் நீ கடைசியாக அழுத்திய கட்டைவிரலின் ரேகை. நீ இறந்த பிறகு அதை நான் தொட்டதில்லை.

இயந்திரங்களின் அதிர்வை அளக்க நாம் சேர்ந்தே துறைமுகத்துக்குப் போன நாட்களில், காந்தம் பிடிக்காத இடத்தில் சென்சாரை மெழுகால் ஒட்டுவது உன் வேலை. வரும் எண்ணைச் சந்தேகப்படுவது என் வேலை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தபோதும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேரே வந்த நீ கேட்டாய்:

"ஏளா, சாமியையும் நம்ப மாட்ட, மீட்டரையும் நம்ப மாட்ட. பெறவு எதத்தான் நம்புத?"

"ரெண்டாவது ரீடிங்க."

"அப்ப சாமிக்கு ஒரு தடவயாவது ரீடிங் எடுத்துப் பாரேன்."

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டேன். நீ சிரித்தது பம்பு இரைச்சலையும் மீறிக் கேட்டது.

இன்றும் ஒரு பம்புதான். தீயணைப்புக்குக் கடல்நீர் இறைப்பது. வெண்கல உடல், காந்தம் ஒட்டாது. புது மெழுகு கொண்டுவர மறந்திருந்தேன். உன் ரேகையைக் கலைக்க மனமில்லாமல், உருண்டையின் அடியில் ஒரு சிட்டிகை கிள்ளி ஒட்டினேன். எண் எகிறியது.

போர்மேன் எட்டிப் பார்த்தார். "பேரிங் போச்சா மேடம்? கழட்டணும்னா இப்பமே சொல்லிருங்க. எண்ணெய்க் கப்பல் வெளிய நிக்கு. இந்தப் பம்பு ஓடாம உள்ள விட மாட்டாவ."

"இன்னொரு தடவ பாத்துருதேன் அண்ணாச்சி."

சென்சாரைத் தொட்டேன். ஆடியது. பம்பின் சொரசொரப்பான வார்ப்பு உடலுக்கு அந்தச் சிட்டிகை போதவில்லை.

உருண்டை முழுவதையும் எடுத்துப் பிசைந்தேன். கைச்சூட்டில் மெழுகு இளகியது. உன் ரேகை மங்கி, பிறகு இல்லாமல் போனது. அழுத்தி ஒட்டினேன். எண் இறங்கி ஓரிடத்தில் நின்றது. எடுத்து மறுபடி ஒட்டினேன். அதே எண்.

"ஓட்டலாம் அண்ணாச்சி. பேரிங் நல்லாருக்கு."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

கப்பல் உள்ளே வருவதைப் பார்த்த பிறகுதான் மில்லர்புரத்து வீட்டுக்குத் திரும்பினேன். மெழுகில் இப்போது என் விரல் பதிந்திருக்கிறது. அதற்குள் நீயும் இருக்கிறாய் என்றெல்லாம் எழுத மாட்டேன். படித்தால் நீயே கேலி செய்வாய். வாசம் மட்டும் சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை.

சாமிக்கு இன்னும் ரீடிங் எடுக்கவில்லை. மாட்டேன் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.