செத்த சுண்ணாம்பு

9-8-64, ஞாயிறு

மாப்பிள்ளை நம்பிராஜன் தோட்ட மாலி வேலை பார்க்கும் செம்பூர் பங்களாவில் புல்தரை மஞ்சளித்து, பாசி பிடித்துவிட்டதாம். "மண்ணு புளிச்சிட்டுதாம் அத்தை. சுண்ணாம்பு போடச் சொல்லுதாரு பங்களா சாப். தீபாவளிக்குள்ள பச்சை வரலன்னா வேற மாலியாம்."

மண் புளிக்குமா? மாவுதானே புளிக்கும்? ஒரு பிடி கொண்டுவரச் சொல்லி நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பே இல்லை.

16-8-64

ஐம்பது வருஷமாக வெற்றிலை போடுகிறேன், எனக்குத் தெரியாத சுண்ணாம்பா? சயானிலிருந்து சுட்ட கல் வாங்கிவந்து நானே நீற்றினேன். சூடு ஆறும் முன்பே ஒரு டின் கொடுத்தனுப்பினேன். அப்போதுதானே வீரியம்.

18-8-64

புல் வெந்துவிட்டது. மூன்று இடத்தில், தோசைக்கல் அகலம். மாப்பிள்ளை கையை விரித்து அளவு காட்டினார். மகள்தான் கேட்டாள்: "வாயில போடுததும் மண்ணுல போடுததும் ஒண்ணாம்மா?"

அவர் வேலை போனால் என்னால்தான்.

23-8-64

மூன்று நாள் முன்பு இரண்டு டால்டா டின்னில் புல் நட்டேன். ஒன்றில் புதுச் சுண்ணாம்பு. மற்றதில் என் டப்பா ஓரத்தில் காய்ந்து செத்துப்போனதைச் சுரண்டிப் போட்டேன். முதல் டின் மறுநாளே கருகிவிட்டது. இரண்டாவது அப்படியே நிற்கிறது! இரண்டையும் மஞ்சள் தண்ணீரில் கரைத்தும் பார்த்தேன். புதுசு ஆரத்திபோல் ரத்தச் சிவப்பு. செத்தது லேசாகத்தான் சிவந்தது. ஆக, வெற்றிலைக்கு ஆகாததுதான் புல்லுக்கு ஆகும் போலிருக்கிறது.

ஆனால் புல்தரைக்குப் பானை பானையாக வேண்டுமே. அவ்வளவு யாரிடம் இருக்கும்? தெரியும். அவளிடம் போவதா?

30-8-64

போனேன். வெற்றிலைக்கடை சொர்ணம்மாள். என் மகள் கல்யாணத்துக்குச் செத்த சுண்ணாம்பு அனுப்பியவள். ஆவணி இருபது, திங்கட்கிழமை. சம்பந்தி வீட்டில் ஒருத்தர் வாயும் சிவக்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

"என்ன மதினி, வழி தவறிட்டுதா?"

"செத்த சுண்ணாம்பு இருக்கா? ஒங்கிட்ட இல்லாமலா போவும்."

"அன்னைக்குத் தெருவுல கொட்டுனியே, இப்ப அதையே கேட்டு வாரியா?"

நாக்கு நுனிவரை பதில் வந்தது, விழுங்கினேன். மாப்பிள்ளை வேலை என்று சொன்னேன். அவள் கேலிச் சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் வருஷக்கணக்காய்க் காய்ந்து கிடந்த நாலு பானையையும் தூக்கி வைத்தாள். உலக்கையும் அவளே கொடுத்தாள்.

6-9-64

இடித்து, சலித்துக் கொடுத்தேன். மழை விட்ட நேரம் பார்த்து மாப்பிள்ளை தூவினாராம். கோலப்பொடி மாதிரி.

27-9-64

ஒன்றும் தெரியவில்லை. இன்னும் எத்தனை நாள்?

18-10-64

பாசி காய்ந்து உரிகிறதாம். "சும்மா சொல்லாதீங்க மாப்பிள்ளை" என்றேன். உரிந்ததைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து காட்டினார்.

5-11-64

தீபாவளி முடிந்தது. சாப் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாராம். வேறு மாலி பேச்சே இல்லை. வெந்த மூன்று இடத்தில் மட்டும் இன்னும் புல் இளசு.

சாயங்காலம் சொர்ணம்மாள் கடையில் வெற்றிலை வாங்கினேன். மடித்துத் தருகிறேன் என்று சுண்ணாம்பில் விரலை வைத்தாள்.

"இரு, ஒன்னோடது புல்லுக்குத்தான்" என்று என் டப்பாவை எடுத்து நீட்டினேன்.