ஜுல்பிகர் பாய் போட்ட ரேடியேட்டர்

1999 ஏப்ரல் 7, புதன்

பெட்ரோல் எஞ்சின் இன்று வண்டியை விட்டு இறங்கியது. பேச்சிமுத்துவின் பட்டறையில் தரையில் கிடந்ததைப் பார்த்தபோது, இம்புட்டுக்காணும் சாமானா இரண்டு வருடம் என் உயிரை வாங்கியது என்றிருந்தது. அதன் இடத்துக்கு வரப்போகும் டீசல் எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறான். கவிழ்ந்த கார் ஒன்றில் இருந்ததாம். காருக்குத்தான் அடியாம், எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். பேச்சிமுத்து சொல்கிறான், நம்புகிறேன்.

கைத்தறிச் சங்கத்தில் எழுத்தர் வேலையை விட்டுவிட்டு வாங்கிய பிக்கப் இது. சோழவந்தானில் வெற்றிலை ஏற்றிப் பேரையூர்க் கடைகளில் இறக்குகிறேன். பெட்ரோல் ஊற்றி வெற்றிலை சுமக்கிறவர் மதுரை ஜில்லாவிலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்று என் மனைவி பிருந்தா எங்கள் வீட்டுப் பாஷையில் ராகம் போட்டுச் சொல்வாள். இனி வேறு ஏதாவது கண்டுபிடிக்கட்டும்.

ஏப்ரல் 10, சனி

டீசல் எஞ்சின் வண்டியில் உட்கார்ந்துவிட்டது. இனி அதைக் குளிர வைக்கிற வேலை. பழைய ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாய் இரண்டு வரிசைதான், டீசலுக்குப் பத்தாது. ஃபேன் வேறு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. சுற்றித் தகரக்கூண்டு அடித்தால்தான் காற்றை இழுக்கும். மேல் ரப்பர் ஓஸுக்கு வேறு வளைவு தேட வேண்டும்.

தெற்குவாசல் ஜுல்பிகர் பாயைப் பார்த்தேன். பதினொரு வருடமாக ரேடியேட்டர் கடை வைத்திருக்கிறார். நாலு வரிசை போட்டால் இன்னும் குளிருமே என்றேன்.

"நாலு போட்டா காத்து உள்ள போவாதுண்ணே. மூணு போதும். வால்வ மட்டும் மறக்காம மாட்டிருங்க."

சாமான் விற்கிறவர் குறைவாகப் போதும் என்று சொல்வதை இப்போதுதான் கேட்கிறேன். புது மூன்று வரிசைக்கு ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 16, வெள்ளி

வால்வைக் கழற்றிவிட்டோம். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறிக்கும். கொடைக்கானலில் ஓட்டுகிறவனுக்குச் சரி. இந்த ஊர் வெயிலில் தண்ணீரை எதற்கு மறிப்பது? நம்மூரில் எல்லா வண்டியிலும் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். "கழட்டிரவாண்ணே?" என்று பேச்சிமுத்து கேட்டான். "கழட்டு" என்றேன்.

ஏப்ரல் 19, திங்கள்

வெறும் வண்டி. அவனியாபுரம் வரை போய் வந்தேன். சூட்டு மீட்டரில் எண்பது. சத்தம்தான் கொஞ்சம் கூட.

ஏப்ரல் 23, வெள்ளி

முதல் லோடு. டி. கல்லுப்பட்டி தாண்டியதும் மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது. வெற்றிலைக்குத் தெளிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை எடுத்து ரேடியேட்டருக்கு ஊற்றினேன். அரைமணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன். வாடின இலைக்குப் பேரையூரில் என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது.

ஏப்ரல் 24, சனி

ஜுல்பிகர் பாய் ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. மூடியை மாற்றினார். ஃபேன் கூண்டைக் கொஞ்சம் வெட்டி நெருக்கினார். எதற்கும் காசு வாங்கவில்லை.

"வால்வு இருக்குல்லண்ணே?"

"இருக்கு பாய்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இல்லை என்றால் அவர் ஆரம்பிப்பார், நான் நின்று கேட்க வேண்டும். பேச்சை முடிக்கத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 30, வெள்ளி

அழகர் ஆற்றில் இறங்கினார். வண்டியில் சூடு இறங்கவில்லை.

மே 3, திங்கள்

மறுபடி கல்லுப்பட்டி, மறுபடி ஆவி. இன்று மொத்த லோடும் போச்சு. பேரையூர்க் கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வேற வண்டி சொல்லிக்கிறேன் சந்தானம், கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபித்துக்கொண்டேன்.

அந்தச் சூட்டோடு வில்லாபுரம் வேன் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். என்ன ஆச்சுண்ணே என்று சோணைமுத்து கேட்டான். சொன்னேன் — தெற்குவாசல் பாய் பழைய ரேடியேட்டருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டான் என்று. அவரை அவன் என்றுதான் சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். மனசுக்கு இதமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மே 5, புதன்

ரேடியேட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பெயிண்டை ஆணியால் சுரண்டினேன். பித்தளை பளபளவென்று இருக்கிறது. நாலு இடத்தில் சுரண்டினேன். நாலிலும் புதுசு.

ஸ்டாண்டுக்குப் போகவில்லை. உள்ளே வேறு கோளாறு இருக்கலாம்.

மே 9, ஞாயிறு

வேறு கடையில் நாலு வரிசை ரேடியேட்டர் மாட்டினேன். பெரியது, கனம். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். ஜுல்பிகர் பாயுடையது வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பிருந்தா அதன் மேல் துணிக்கூடையை வைத்திருக்கிறாள்.

மே 14, வெள்ளி

கல்லுப்பட்டிக்கு முன்னாலேயே கொதித்தது.

மே 15, சனி

பேச்சிமுத்து இன்று வண்டியை ஓடவிட்டு, கொதிக்கிற நேரம் பார்த்து ரேடியேட்டரின் அடியில் கை வைத்தான். "இங்க பாருங்கண்ணே" என்றான். நானும் வைத்தேன். எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன ஓஸ் மட்டும் நெருப்பு.

"தண்ணி பாதி ரேடியேட்டருக்கே வரலண்ணே. இந்தச் சின்ன ஓஸ் வழியா குறுக்கால போயி மறுபடி எஞ்சினுக்குள்ளயே சுத்துது. இந்த எஞ்சின்ல வால்வு தொறக்கயில இந்த ஓட்டைய அடைக்கும் போல. நாமதான் வால்வ கழட்டிட்டோமே."

நாம் இல்லை. நான். கழட்டுன்னு சொன்னது நான். இருக்கான்னு அந்த மனுசன் கேட்டாரு — இருக்குன்னு சொன்னேன். புத்தியக் கடன் குடுத்துட்டா வந்தேன்? இருக்குன்னு ஏன்டா சொன்ன? ஒரு வார்த்தை, இல்ல பாய்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அதுக்குப் பெறகு அவரு திருடுனாருன்னு எட்டுப் பேருகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்த பெறகும் பத்து நாளா வாயத் தொறக்கல.

மே 17, திங்கள்

புது வால்வு. மாடிப்படிக்குக் கீழிருந்த ரேடியேட்டரை எடுத்து மாட்டினோம். முழு பாரம், உச்சி வெயில், பேரையூர் போய்த் திரும்பினேன். எண்பத்திரண்டு. ஒரு கோடுகூட ஏறவில்லை.

மே 18, செவ்வாய்

கடைக்குப் போனேன். காலை பதினொரு மணி. வழக்கமாக வாசலில் நாலு வண்டி நிற்கும். ஒன்றுமில்லை. ஜுல்பிகர் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டிப் பார்த்ததையும் சொன்னேன்.

"வால்வு இருக்கான்னு கேட்டேனே?"

"இருக்குன்னு சொன்னேன்."

"ஏன்?"

"தெரியல பாய்."

பேப்பரை மடித்தார். "என்கிட்ட சொல்லி என்ன செய்ய? நான் ஏமாத்தலன்னு எனக்குத் தெரியுமே. ஸ்டாண்டுல சொன்னத ஸ்டாண்டுல போயிச் சொல்லுங்க." கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 20, வியாழன்

ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது, பாய் கொடுத்தது புதுசு, இப்போது அதுதான் என் வண்டியில் ஓடுகிறது, வந்து பாருங்கள் என்றேன். யாரும் எழுந்து வரவில்லை.

"விடுங்கண்ணே, பாவம் பாத்துப் பேசுறீங்க" என்றான் சோணைமுத்து.

"எங்க மச்சான் வண்டிக்கும் இதே கறுப்புப் பெயிண்டுதான் அடிச்சுக் குடுத்தான்" என்றான் இன்னொருவன்.

எல்லா ரேடியேட்டருக்கும் கறுப்புப் பெயிண்ட்தானப்பா அடிப்பார்கள் என்றேன். நான் சொன்னது பொய் என்றேன். பொய் என்ற வார்த்தையையே சொன்னேன். சோணைமுத்து என் தோளைத் தட்டி, "பாய் ஆள் வச்சு மிரட்டிட்டாரா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சொன்னபோது ஒருத்தன்கூடச் சாட்சி கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

மே 29, சனி

மறுபடி போய்ச் சொன்னேன். அதே சிரிப்பு.

ஜூன் 20, ஞாயிறு

எண்பத்திரண்டு. பேரையூர்க்காரர் மறுபடி கூப்பிட்டுவிட்டார். சந்தோஷப்படத்தான் வேண்டும்.

ஜூலை 28, புதன்

ஜுல்பிகர் பாய் கடையைக் காலி செய்கிறார் என்று பேச்சிமுத்து சொன்னான். ராஜபாளையத்தில் மனைவியின் தம்பி முகம்மது கனியின் கடையில் வேலைக்குச் சேரப் போகிறாராம். பதினொரு வருடம் முதலாளி.

பிருந்தாவிடம் சொன்னேன். அவள் எதையும் ராகம் போட்டுச் சொல்லவில்லை. "சாமான் ஏற்ற வண்டி வேண்டுமே அவருக்கு" என்றாள்.

போய், என் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வாடகை வாங்குறதா இருந்தா வாங்க. இல்லாட்டி வேற வண்டி பாத்துக்கிறேன்" என்றார். வாங்குகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஏற்றினோம். பற்றவைப்புச் சாமான்கள், ஸ்டூல், இரண்டு பெட்டி, ரேடியேட்டர் முக்கிப் பார்க்கிற இரும்புத்தொட்டி. ஜுல்பிகர் பாய் முன்சீட்டில் உட்கார்ந்தார். கல்லுப்பட்டி வரை மழையைப் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு அவர் தூங்கினார், அல்லது கண்ணை மூடியிருந்தார்.

ராஜபாளையத்தில் முகம்மது கனி வாசலுக்கே வந்துவிட்டார். கலகலப்பான ஆள். பெட்டிகளை இறக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நல்லா ஓடுன கடைண்ணே. ஸ்டாண்டுல எவனோ ஒருத்தன் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிக் கெடுத்துட்டானாம். யாருன்னு மூணு மாசமா கேக்குறேன், எங்க அக்காகிட்டகூட அவன் பேரச் சொல்ல மாட்டேங்கிறாரு மச்சான். நீங்க அங்கிட்டு ஆளுதானே, உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான்" என்றேன்.

கேலி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்தார். ஜுல்பிகர் பாய் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "கனி, பேச்ச அப்பறம் வச்சுக்கலாம். மொதல்ல அந்தத் தொட்டியப் பிடி" என்றார்.

தொட்டியின் ஒரு பக்கத்தைக் கனி பிடித்தார், மறு பக்கத்தை நான் பிடித்தேன். உள்ளே கொண்டுபோய் வைக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.