கப்பலில் அண்ணிக்கு ஓர் இடம்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் சேர்த்தே உரிய அண்ணிக்கு,

நாளை மறுநாள் அரியலூரில் ரயில் ஏறுகிறேன். அதற்கடுத்த நாள் மதராஸ் துறைமுகத்தில் அந்தமான் கப்பல். தனியாகத்தான். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர் என் அண்ணன் மனைவி, ராஜாம்பாள். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர். கல்யாணம் வேண்டாம் என்று நான் இருந்தபோதும் எனக்காக வாயாடியவர். போன தை மாதம், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

அப்படிச் சட்டென்று போவது உங்கள் வழக்கமே இல்லையே, அண்ணி? ஜெயங்கொண்டம் போவதென்றாலும் இரண்டு நாள் முன்னால் ஆரம்பிப்பீர்களே.

உங்கள் பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் இந்தப் பேச்சு தொடங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தப் புள்ளியெல்லாம் என்னா வசந்தா?" என்று கேட்டீர்கள். தீவு என்றேன். "அங்கயும் ஜனம் இருக்கா? ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு எப்புடிப் போவாங்க?" சின்னக் கப்பலில் என்றேன். நீங்கள் வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணன் சிரித்தார். "நம்ம சனத்துக்கும் கடலுக்கும் என்னா சம்பந்தம்?"

நீங்கள் எழுந்துபோய், சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பக்கம் பொறுக்கி வந்த அந்தக் கல்லாய்ப் போன சிப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தீர்கள். "இந்த ஊரே ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம், ஒங்க தங்கச்சிதான் சொல்லுச்சு. கடல் நம்ம ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கு. நாம ஒரு மரியாதைக்குத் திரும்பப் போயிட்டு வர வேணாமா?"

அதன்பிறகு அந்தச் சிப்பிதான் நம் திட்டக் காகிதத்தின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது.

அந்த முதல் காகிதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெரிய கப்பல் போர்ட் பிளேருக்குக் காலை ஆறு மணிக்கு. ஏழு மணிக்குச் சின்னக் கப்பலில் ஹேவ்லாக். மத்தியானம் நீல் தீவு. பொழுது சாய்வதற்குள் திரும்பப் போர்ட் பிளேர். காலையில் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம், மத்தியானம் செந்துறையில் ஒரு காதுகுத்து, சாயங்காலம் வீடு என்று நீங்கள் முகூர்த்த நாளில் சுற்றுவீர்களே, அதே கணக்கு. பட்டதாரி நானும் அதைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ரஞ்சன்குடியிலிருந்து போய்ப் போர்ட் பிளேரில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்லமுத்துவுக்கு அதை அனுப்பினோம். அவர் பதில் வந்தது. "டீச்சரம்மா, இது டவுன் பஸ் இல்லீங்க. தீவுக்குத் தீவு கப்பல் தினமும் கெடையாது. காத்து அடிச்சா, போற அன்னிக்கும் போவாது. கப்பல் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கப்பல். ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நாளு சும்மா வச்சிக்குங்க."

எனக்கு முகம் தொங்கிப்போனது. உங்களுக்கோ கொண்டாட்டம். பென்சிலை என்னிடமிருந்து பிடுங்கி, ஒவ்வொரு தீவுக்கும் எதிரே ஒரு நாளைச் சேர்த்து, உங்கள் உருண்டை எழுத்தில் "சும்மா" என்று எழுதினீர்கள். மூன்று சும்மா. "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எனக்கு யாரும் இது குடுத்ததில்ல. கடலு குடுக்குது, வாங்கிக்குவோம்."

அண்ணி, அந்த மூன்று நாளையாவது வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் இல்லையா?

கப்பலில் இடம் கேட்டு நாம் நிரப்பிவைத்த படிவம், உங்கள் கையெழுத்தோடு பெட்டியில் இருந்தது. சித்திரைக் கடைசியில் ஒரு கப்பல் என்று பேப்பரில் அறிவிப்பு வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெயர். உங்கள் பெயரின் மேல் கோடு போட என் கை வரவில்லை. வேறு படிவம் வரவழைத்து, என் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன். இடம் கிடைத்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"வூட்டுல எழவு விழுந்து வருஷம் திரும்பல. மலையேறக்கூடாது, கடல் தாண்டக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"போன மாசம் நீங்க பச்சமலை ஏறினீங்களேண்ணே?"

"அது ஆபீஸ் வேலை."

"இது எங்க வேலை."

"எங்கன்னா? நீ ஒருத்திதானே இருக்க?" என்று கேட்டுவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே வலித்தது. கொஞ்சம் கழித்து, "நாலு பேரு என்னா சொல்லுவான்? பொண்டாட்டி செத்த வூட்டுலேருந்து தங்கச்சி ஊரு சுத்தப் போவுதும்பான்" என்றார்.

"சொல்லட்டும்ணே. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னே அண்ணி ஒரு எடமும் பாக்காமப் போயிட்டாங்க. ஊருக்குப் பயந்தது அதோட போதும்."

ஐந்து நாளாக அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுகிறபோது பேசட்டும். துக்கம் காக்க வேண்டும் என்கிறார்கள். காக்கிறேன். ஆனால் வீட்டு மூலையில் உட்கார்ந்து காத்தால்தான் துக்கம், கப்பல் தளத்தில் நின்று காத்தால் துக்கமில்லை என்று யார் முடிவு செய்தது? நீங்கள் ஆசைப்பட்டதைச் செய்தால் உங்களுக்கு அவமரியாதை, செய்யாமல் விட்டால் மரியாதை என்றால், அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

உங்கள் துணிமணிகளையெல்லாம் பதினாறாம் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் தப்பியது. அந்தப் பச்சைக்கரைத் துண்டு. திட்டக் காகிதத்தைச் சுற்றி நீங்கள் வைத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தத் துண்டைத் தெரியாதவர் உண்டா? கூட்டம் வாசலில் முட்டி மோதும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் போய், எட்டி வீசுவீர்கள். அது சரியாக இரண்டு பேர் இடத்தில் விரிந்து விழும். ஒருமுறை ஒரு மீசைக்காரர் கேட்டார். "ஏம்மா, துண்டுக்கா டிக்கெட் எடுக்கப்போற?" நீங்கள் விடவில்லை. "ஒங்களுக்கு முன்னாடியே வந்து குந்தியிருக்குய்யா. வரிசைன்னா வரிசைதான். ஆள் இருக்கு, தள்ளுங்க." பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, நீங்கள் பிடித்த இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்வேன். கல்லூரி, வேலை, இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை, எல்லாமே அப்படித்தான்.

இந்த முறை நான் வீசுகிறேன், அண்ணி. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மூன்று நாளையும் எதைக்கொண்டும் நிரப்பமாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன். ஹேவ்லாக் போகிற சின்னக் கப்பலில், கடல் நன்றாகத் தெரிகிற ஓரத்தில், பச்சைக்கரைத் துண்டை என் பக்கத்தில் விரித்துவைப்பேன். மீசை வைத்தவரோ வைக்காதவரோ, யார் வந்து கேட்டாலும் வெட்கப்படாமல், தலையைக் குனியாமல், உங்கள் குரலிலேயே சொல்வேன்: "ஆள் இருக்கு."

நீங்கள் பிடித்த இடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்த உங்கள் நாத்தனார்,
வசந்தா