மூன்று லேப்டாப்பும் முடியாத ஒரு பக்கமும்

டுரியான் துங்கால்,
மலாக்கா.
23.11.1997

அன்புத் தம்பி சேகரனுக்கு,

அக்கா தேவமலர் எழுதுவது. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் நலத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீ கொடுத்த வேலையை முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா கதை அளக்கிறாள் என்பாய்.

உன் கடையிலிருந்து மூன்று பழைய லேப்டாப் அனுப்பி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், அத்தானுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புங்கள் என்றாய். ஆறு வாரம் ஆகிவிட்டது. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்தபோது கழுத்து நரம்பும் போய், அவருக்கு வலது தோள் எழும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். பேனா பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் முடிவதில்லை. மடியில் வைத்துத் தட்டுவதென்றால் முடிகிறது. எஸ்டேட் ஆபீஸில் இருபத்தேழு வருடம் டைப்ரைட்டர் தட்டிய கிராணியின் விரல் அல்லவா, அது மறக்கவில்லை.

பழைய 486-ஐ முதலில் பார்த்தோம். கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அதன் சுவிட்சைத் தட்டினால், தண்ணீர் கொதிக்கும்போதுதான் அதுவும் எழுந்திருக்கும். அவ்வளவு சோம்பேறி. ஆனால் பிளக் இல்லாமல் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஓடியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். மடியில் சூடே தெரியவில்லை. அதன் புரோசஸர் குறைந்த கரண்டில் ஓடுவதற்கென்றே செய்தது என்று போனில் விளக்கினாயே, அது உண்மைதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படியே மூடி வைத்தார். ஞாயிறு காலை திறந்தால், அடித்த பக்கம் ஓர் எழுத்து கலையாமல் இருந்தது. அத்தானுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்.

அதைத் தூக்கிக்கொண்டு மஜீது பாய் கோப்பிக் கடைக்கும் போனார். அங்கே அவர் கூட்டாளி தம்புசாமி அண்ணன் ஏதாவது சொல்வார், இவர் பதிலைத் தட்டுவார், தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இரண்டு நாள் கழித்துத் தம்புசாமி அண்ணன் புரிந்துகொண்டு, இவர் தட்டி முடிக்கும் வரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்மூடிக் காத்திருந்தாராம். பிறந்ததிலிருந்து அந்த மனிதர் பேசாமல் இருந்தது அப்போதுதான் என்று மஜீது பாய் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், தம்பி. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இரண்டாவது, வேகமான 486. ஒன்றே முக்கால் மணி நேரம் வந்தது. மடியில் இஸ்திரி போட்ட துணியை வைத்தது போல இருந்ததாம். இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாவது, பென்டியம். சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் தயாராக நிற்கும். ஆனால் உள்ளே ஒரு சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மடியில் துண்டு போட்டுத்தான் வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்த ஃபேன் இரைச்சல் அவருக்குத் தொல்லையாக இருக்குமோ என்று பயந்தேன். எனக்கு அது பிடித்துப்போனது. வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருந்தது.

அத்தானும் பென்டியத்தைத்தான் விரும்பினார். அதன் திரை பெரியது, வெளிச்சமானது. மருந்தினால் அவர் கண் மங்கிவருகிறது. காட்டுத்தீப் புகைமூட்டம் போய் மழை தொடங்கியபின் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கால் ஓய்ந்துபோகிறது என்று சாக்கு. கார் போர்ச்சில் சாய்வு நாற்காலியைப் போட்டு, பிளக் வயரை ஜன்னல் வழியாக இழுத்து, நான்கு நாள் எதையோ அடித்துக்கொண்டே இருந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் தலையை நீட்டினால் மூடியைப் பாதி சாய்த்துவிடுவார். முடிந்ததும் காட்டுகிறேன் என்று கையால் சைகை செய்வார். உச்சியில் இருந்த ஐந்து எழுத்தை மட்டும் பார்த்துவிட்டேன். மலர் என்று இருந்தது.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்பார்.

சேகரா, நீ மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாய். எழுதி முடித்ததும் சேமிக்கவும் என்று, எந்தப் பொத்தான்களை அழுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அவர்தான் இன்னும் முடிக்கவில்லையே. எழுதியதை எழுதியபடி செய்கிற கிராணி அவர். டைப்ரைட்டரில் அடித்த எழுத்து எங்கே போகும் என்ற நினைப்பு வேறு. பழைய 486 இரண்டு நாள் பக்கத்தைக் காத்துக் கொடுத்தது அல்லவா, இதுவும் காக்கும் என்று ஒவ்வொரு மாலையும் மூடியை மட்டும் மூடி வைத்தார். பிளக் இருந்தவரை இதுவும் காத்தது. உன்மேல் குறை சொல்வதாக நினைக்காதே. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

போன செவ்வாய் மத்தியானம் பெரிய இடி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும், முதல் இடிக்கே எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். டிவி, ஐஸ்பெட்டி, அதோடு இதையும் பிடுங்கினேன். மழை விட்டதும் திரும்ப மாட்டியிருப்பேன். அதற்குள் அவருக்குத் தொண்டையிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நல்லமுத்து காரில் போட்டு மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் வார்டில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை திரும்பினோம். வந்ததும் அதைத்தான் கேட்டார். மூடியைத் திறந்தால் இருட்டாக இருந்தது. பிளக்கை மாட்டினேன். ஒன்றும் தெரியாத புதுசு போல ஆரம்பத்திலிருந்து எழுந்தது. பக்கத்தைக் காணவில்லை. அரைமணி நேரம் தேடினார். பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கையால்தான் பிளக்கைப் பிடுங்கினேன் என்று சொல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பழைய 486-ஐக் கொண்டுவரச் சொல்லி, ஒற்றை விரலால் ஒரு வரி அடித்தார். கண்ணீரில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை. எங்களோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மகள் புனிதாதான் படித்துக் காட்டினாள்.

“இடி இடிச்சா பிளக்கப் புடுங்கத்தான் வேணும் லா. நீ செஞ்சது சரி.”

என்ன எழுதினீர்கள், இன்னொரு தடவை அடியுங்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டார். இப்போது ஒன்றிரண்டு வார்த்தைக்குமேல் அடிக்க அவருக்குத் தெம்பில்லை.

டாக்டர் புனிதாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாக்டரியில் ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கிறாள். லீவு கேட்டால் மூக்கால் அழும் அந்த சூப்பர்வைசர் உடனே கொடுத்துவிட்டாராம். எனக்கு அது போதும், புரிந்துகொண்டேன்.

ஆகவே பழைய 486-ஐ வைத்துக்கொள்கிறோம். எங்கள் உபயோகத்துக்கு வேகம் தேவையில்லை. சேமிக்கிற பொத்தான்களைப் புனிதா எனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டாள். அவர் தண்ணி என்று அடிக்கிறார், நான் சேமிக்கிறேன். ஜன்னல் என்று அடிக்கிறார், அதையும் சேமிக்கிறேன். நேற்று, போய் படு என்று அடித்தார். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

மற்ற இரண்டையும் பஸ் டிரைவர் முனுசாமி அண்ணனிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். வேகமான 486-ஐ யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள். பென்டியத்தை மட்டும் விற்காதே, துடைத்துச் சுத்தமாக்கிவிடாதே. சில இயந்திரங்கள் தாமாகவே ஒரு பிரதியை உள்ளே எங்கேயாவது வைத்துக்கொள்ளும் என்கிறாள் புனிதா. உனக்குத் தெரிந்த வழியெல்லாம் தேடிப் பார், சாமி. உச்சியில் என் பெயர் இருக்கும். கண்டுபிடித்தால் நீ படிக்க வேண்டாம். அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவா. நான் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்துக்கொள்வேன்.

ஒன்றும் இல்லாவிட்டால் போனில் சொல்லாதே, தம்பி. நேரில் வந்து சொல். உன்னைப் பார்த்தால் அத்தானுக்கும் ஆறுதலாக இருக்கும். நீ வாங்கிவரும் அந்த மிட்டாயை அவர் விழுங்க முடியாது, ஆனாலும் வாங்கி வா.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே வந்துவிடு.

உன்னை நம்பியிருக்கும்,
அக்கா தேவமலர்